சனிக்கிழமைக் காய்ச்சல்

காங்கேயத்தில் ஆடிக்காற்று எழுந்தால்
களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பே உருளும்.
வெல்டிங் துப்பாக்கி முனையில்
காப்புக்கென்று கசிகிற வாயு எம்மாத்திரம்?
ஷட்டரை இழுத்து மூடினேன்.
காற்றுப் பட்டால் பற்றவைத்த இடம்
புழுத்த கத்தரிக்காயாகிவிடும்.
பாதுகாப்பு என்று அதுவரை நான் அறிந்ததெல்லாம்
இரும்புக்கானது.

அறுபத்தொன்பதாம் வருடத்து ஹெரால்டு.
ஓட்டுகிறவன் காலடியில் தகரமே கிடையாது,
குனிந்தால் தரையில் ஊரும் எறும்பு தெரியும்.
வாரமெல்லாம் கூட்டுறவு வங்கியில்
அடகு நகையை உரசிப் பார்க்கிற நான்
சனிக்கிழமை பொழுதோட
இந்தப் பழைய எண்ணெய்ச் செக்குக் கொட்டகையில்
தன்னைத்தானே வேலைக்கு வைத்துக்கொண்டவன்.

மாட்டுச்சாளை பிரித்தபோது மிஞ்சிய
ஜி.ஐ. தகட்டில் ஒட்டு வெட்டினேன்.
பொறி தொட்டதும் தகடு வெள்ளையாகப் புகைந்தது.
இலவம்பஞ்சு மாதிரி என்னவோ பறந்து
கை மயிரில் ஒட்டியது.
வாயில் தித்திப்பு,
செப்புக் காசைச் சப்பினாற்போல.
மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தேன்
ஒரு ஈரிழைத் துண்டு.
துண்டுக்குத் தூசி தெரியும்,
புகையைத் தெரியாது.

ராத்திரி பதினொன்றுக்குப் பல் கிட்டியது.
பவானி ஜமுக்காளம் இரண்டு போர்த்தியும் நடுக்கம்.
நூற்றிரண்டு.
டெங்கு என்றார்கள், ரத்தத்தில் தட்டணு எண்ணினார்கள்.
திங்களன்று ஒன்றுமில்லை,
நானே வண்டியெடுத்து வங்கிக்குப் போனேன்.
அடுத்த சனி மறுபடி.
அதற்கடுத்ததும்.

கோகிலவாணி தினசரி காலண்டர் தாளில்
எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தாள்.
“ஏனுங், கொசுவுக்குக் கிழமை தெரியுமுங்களா?”
தகட்டைக் காட்டச் சொன்னாள்.
மேலே மினுங்கிய துத்தநாகத்தை
நகத்தால் சுரண்டினாள்.
மேல்நிலைப் பள்ளியில் அவளுக்கு வேதியியல்.

கோயமுத்தூரிலிருந்து வந்தது ரப்பர் முகமூடி,
கன்னத்துக்கு ஒன்றாய் இரண்டு ரோஸ் வட்டம்.
வட்டங்களை உள்ளங்கையால் பொத்தி
மூச்சை இழுத்தால்
ரப்பர் முகத்தோடு ஒட்டி அமுங்க வேண்டுமாம்.
அமுங்கவில்லை.
தாடி.
வண்டி உருண்டதும் பழனியில் இறக்குகிறேன் என்று
வேண்டிக்கொண்ட தாடி,
ஒவ்வொரு மயிரும் ஓரமாய்க் கதவைத் திறந்து வைத்திருந்தது.
“தாடி மறுக்கா மொளைக்குமுங்.
நுரையீரல் மொளைக்காதுங்.”
மலைமேல் நிற்பவனே மழித்த தலையன்,
கோபிக்க மாட்டான் என்று
அவன் சார்பில் நானே தீர்ப்பெழுதிச் சிரைத்தேன்.
கண்ணாடியில் தாடை சிறுத்த யாரோ ஒருவன்.

அப்புறம் எல்லாமே மெதுவானது.
ஒட்டு வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும்
இரண்டு விரற்கடை துத்தநாகத்தை உரசி எடுப்பது,
அதற்கும் முகமூடி.
ஷட்டர் முழங்கால் உயரம் திறந்திருக்கும்,
எதிர்ச்சுவரில் புகையை வெளியே இழுக்கும் விசிறி,
பொறிக்கு மட்டும் தார்ப்பாயில் ஒரு மறைப்பு.
காற்று எனக்கு, காற்றில்லாமை இரும்புக்கு.
மட்டைக் குவியலைத் தோட்டத்துக்கு ஏற்றிவிட்டோம்.
வாளியில் மணல்.
பிரேக் துடைக்கிற ஸ்ப்ரேயை
அவளே தூக்கி வெளியே வைத்தாள்:
“குளோரின் இருக்குதுங் இதுல.
சூட்டுல அது வேற புகை.
அதுக்குக் காச்சல் வராதுங், ஆளே வர மாட்டாங்.”

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை.
கடைசி மூலையில் ஒரே ஒரு புள்ளிதானே என்று
தலைக்கவசத்தை இறக்காமல் பொறி விட்டேன்.
நள்ளிரவில் இமைக்குள் ஆற்றுமணல்.
சொல்லாமலே வெள்ளரி நறுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

இன்று தரை மூடிவிட்டது, எறும்பு தெரியவில்லை.
முகமூடிக்குள் என் மூச்சு
பக்கத்துக் காட்டு மோட்டார் போல ஓடிக்கொண்டிருந்தது,
அதுவும் என்னுடையதுதான் என்பது
இத்தனை வருஷம் காதில் விழாமலிருந்தது.
கழற்றிப் பார்த்தால் ரோஸ் வட்டம் இரண்டும் சாம்பல்.

பதினொன்றுக்குத் தெர்மாமீட்டரோடு வந்தாள்.
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.
காலண்டரில் எழுதினாள்.
விளக்கை அணைக்கப் போனேன்.
“இருங்க, இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்”
என்று கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டாள்,
கைக்கெட்டும் தூரத்தில் ஜமுக்காளத்தை வைத்துக்கொண்டு.